வாயிலோயே – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தருமபுரிப் பக்கம் காரிமங்கலத்துக்காரன். ஜப்பானில், நகோயாவில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். குடும்பம் ஊரில் இருக்கிறது. என் வீட்டுக்குப் பக்கத்தில், ரயில் நிலையத்தை ஒட்டி, ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை உண்டு. வயதான கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். பரிமாற இரண்டு பெண்கள். ராத்திரிச் சாப்பாடு எனக்குப் பெரும்பாலும் அங்கேதான்.

முதல் சில வாரங்கள் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். படம் போட்ட ஆங்கில மெனு, முள்கரண்டி, மாட்டுக்கறி வேண்டாமா என்று போனில் மொழிபெயர்த்துக் கேட்பது, எந்த ஊர் என்ற விசாரணை. அந்த அம்மாள் ஒருநாள் ஆரஞ்சு உரித்துக் கையில் கொடுத்தார். இப்போது எதுவும் இல்லை. உள்ளே நுழைந்தால் வழக்கமான வரவேற்புக் குரல் வரும், முகம் திரும்பாது. தண்ணீர் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். என்ன வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை, அவர்களாகவே செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். இடமும் அடுப்படி ஓரம் மூலையில்தான். அலமாரியில் வாடிக்கையாளர்களின் பெயர் எழுதிய மதுப்புட்டிகள் வரிசையாக இருக்கின்றன. என் பெயர் எங்கும் இல்லை. நான் குடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

போன மாதம் ஒரு அமெரிக்கர் முதல்தடவையாக வந்தார். எனக்கு ஒரு காலத்தில் நடந்த அத்தனை உபசாரமும் அவருக்கு நடந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நிறம்தான் காரணமா? நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? டிப்ஸ் கொடுக்க வேண்டுமா? கடையை மாற்றிவிடலாமா? அங்கே வருகிறவர்கள் இன்னும் என்னைப் பார்த்து "நேபாளமா?" என்றுதான் கேட்கிறார்கள். அதுவும் வலிக்கிறது.

லீவில் வந்தபோது கிருஷ்ணகிரி பைபாஸில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டேன். எல்லாம் ஹிந்திக்காரப் பையன்கள். தட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். சிரிப்பு இல்லை, கவனிப்பு இல்லை. அதியமான் ஆண்ட மண்ணில் இப்படியா? "பலநாள் பயின்று பலரொடு செல்லினும் தலைநாள் போன்ற விருப்பினன்" என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது.

பின்குறிப்பு: ஜூனில் மறுபடி வருகிறேன். திரும்பும்போது அந்தக் கடைக்காரர்களுக்கு நம் ஊர் மாம்பழம் எடுத்துப் போகலாமா?

ம.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் அந்தப் புறநானூற்று வரி இல்லையென்றால் ஒருவேளை பதில் எழுதியிருக்கமாட்டேன். சில மாதங்களாக அந்தப் பாட்டோடு எனக்கு ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வந்து நடுவில் மாட்டிக்கொண்டீர்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். டிப்ஸ் கொடுக்காதீர்கள். ஜப்பானில் அந்தப் பழக்கமே கிடையாது, மறந்து வைத்துவிட்டுப் போனதாக நினைத்துத் தெருவரைக்கும் ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். குடிக்காதவனுக்கு மதுப்புட்டி அலமாரியில் பேர் எதற்கு? கடையை மாற்றினால் புதுக் கடையில் மறுபடி ஆங்கில மெனுவும் முள்கரண்டியும் வரும். சில வாரம் சந்தோஷமாக இருப்பீர்கள். பிறகு எனக்கு இதே கடிதத்தை இன்னொரு தடவை எழுதுவீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் சப்ளையராக இருந்தவன்.

பிளஸ் டூ எழுதிவிட்டு, மேலே படிக்க வைப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் கிடந்த காலத்தில், கிருஷ்ணகிரியில் எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் நடத்திய ஹோட்டலில் கொண்டுபோய் விட்டார்கள். கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 2004இல்தான் பிரித்தார்கள். பெங்களூரிலிருந்து சென்னைக்கும் சேலத்துக்கும் போகிற பஸ்ஸெல்லாம் ஊருக்குள் நின்று போகும். பஸ் நின்றால் கடை நிறையும், பஸ் கிளம்பினால் காலியாகும். பில் எழுதுகிற பழக்கமெல்லாம் இல்லை. யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதை மனசில் வைத்து, அவர்கள் கை கழுவிக்கொண்டு கல்லாவுக்குப் போகும்போது பின்னாலிருந்து கத்தவேண்டும். "பச்சைச் சட்டை மூணு நாப்பது!" பச்சைச் சட்டை இரண்டு பேர் வந்துவிட்டால் தொலைந்தது.

அந்த வேலையில் கால் வலி பழகிவிடும், கை சூடு பழகிவிடும். பழகாதது முகம். புதிதாக வந்து உட்காருகிறவனுக்கு ஒரு முகம் வேண்டும். "என்ன இருக்கு?" என்பான். இட்லி, தோசை, பொங்கல், பூரி, வடை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும், "வேற?" என்பான். அவனைப் பார்த்துச் சிரிக்கவேண்டும், ஏனென்றால் முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். காலை ஐந்து மணியிலிருந்து அந்த முகத்தைத் தூக்கிப்பிடித்துக்கொண்டே நிற்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் ஒருவர் தினம் வருவார். அவர் உட்காருவதற்குள் இரண்டு இட்லி, கடலைச் சட்னி, ஒரு வடை. அவர் என்னைப் பார்க்கமாட்டார், நானும் அவரைப் பார்க்கமாட்டேன். கேள்வி இல்லை, பதில் இல்லை, சிரிப்பு இல்லை. அந்த டேபிளுக்குப் போகும்போது மட்டும் நான் முகத்தைக் கழற்றி வைத்துவிடலாம். அவர் லீவு போட்ட நாளில் சரக்கு மாஸ்டர் அடுப்படியிலிருந்து இரண்டு தரம் குரல் கொடுப்பார், "டைம்கீப்பர் வரலியாடா?" என்று. எங்கள் கடையில் மிகவும் மதிக்கப்பட்ட ஆள் அவர்தான். அவருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

அந்தக் கடைக்கு ஒரு ஜப்பான்காரர் வந்தார். உங்களுக்காகக் கதை கட்டுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அது 1980களின் கடைசி. பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிகள் சூடு பிடித்திருந்த நேரம். நம் கருங்கல் ஜப்பானுக்குக் கல்லறைக் கல்லாகப் போகும். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் கல் பார்க்க ஆள் அனுப்புவார்கள். வெட்டி எடுத்த பிளாக்கின்மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, அது காயக் காய குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. கல் முழுக்கக் காய்ந்தபிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அங்கே மயிரிழை விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். பிளாக்கை ஒதுக்கிவிடுவார். குவாரிக்காரர்கள் அவரைப் பார்த்துப் பயந்து நடுங்கியதைக் கேட்டிருக்கிறேன்.

லாட்ஜில் மாதக்கணக்கில் தங்கியிருந்தார், சாப்பாடு எங்கள் கடையில். முதல்நாள் முதலாளியே கல்லாவை விட்டு எழுந்துவந்து நாற்காலியைத் துண்டால் தட்டினார். ஸ்பூனை வெந்நீரில் கழுவி எடுத்துவரச் சொன்னார். பக்கத்துக் கடையிலிருந்து சோடா வாங்கி வந்து உடைத்து வைத்தோம். ஜன்னலில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். சரக்கு மாஸ்டர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, மிளகாய் கிள்ளிப் போடாமல் தனியாக ஒரு சாம்பார் வைத்தார். அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் குனிந்து குனிந்து நன்றி சொன்னார். கல் பார்க்கிற மாதிரியே இட்லியையும் குனிந்து பார்த்தார் என்று மாஸ்டர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் மாதத்தில் சோடா போய்விட்டது. ஸ்பூனும் போய்விட்டது. இலையைப் போட்டால் அவரே தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்வார். போதும் என்பதற்கு இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவார், நம் ஆட்களைப் போலவே. மாஸ்டர் அவருக்கென்று தனிச் சாம்பார் வைப்பதை எப்போது நிறுத்தினார் என்று எங்கள் யாருக்கும் நினைவில்லை. அவரும் கேட்கவில்லை.

குவாரியிலிருந்து அவர் வர மூன்றரை ஆகிவிடும். அது மீல்ஸ் முடிந்து நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம். வாடிக்கையாளர் கடைக்குள் இருக்கும்போது சப்ளையர் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்பது முதலாளி வைத்த சட்டம். யாராவது நுழைந்தால் கையில் சோற்றோடு எழுந்து பின்கட்டுக்கு ஓடவேண்டும். ஜப்பான்காரர் நுழைந்தால் மட்டும் நாங்கள் எழுந்திருப்பதில்லை. எங்களில் ஒருத்தன் அவருக்கு இலை போட்டுவிட்டுத் திரும்பி வந்து தன் தட்டில் கை வைப்பான். அவர்பாட்டுக்கு அந்த டேபிளில், நாங்கள்பாட்டுக்கு இந்த டேபிளில். முதலாளியும் பார்த்துக்கொண்டே பேப்பர் படிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

அந்த மனிதருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபிறகுதான் யோசிக்கிறேன். லாட்ஜுக்குப் போய், "முதல்நாள் சோடா உடைத்தார்கள், இப்போது எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து மோர்ச்சோறு தின்கிறார்கள், என் நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று ஊருக்குக் கடிதம் எழுதினாரோ என்னவோ.

அந்த அமெரிக்கருக்குக் கிடைத்தது சோடா, தம்பி. நீங்கள் அதை ஏற்கெனவே குடித்துவிட்டீர்கள்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். 101ஆம் பாட்டு. ஔவையார் அதியமானைப் பாடியது. "ஒருநாள் செல்லலம் இருநாள் செல்லலம், பலநாள் பயின்று பலரொடு செல்லினும் தலைநாள் போன்ற விருப்பினன் மாதோ." பலநாள், பலரோடு போனாலும் முதல்நாள் போலவே விரும்பி வரவேற்பான் என்று அர்த்தம். தருமபுரியில் எந்தக் கூட்டமானாலும் யாராவது எழுந்து இதைச் சொல்லிவிடுவார்கள். அதியமானின் தகடூர்தான் நம் தருமபுரி, அதியமான் நம்முடையவன், அதனால் விருந்தோம்பல் நம் ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், நீங்களே சாட்சி. ஆனால் அந்தக் கூட்டங்களில் யாரும் அதே புறநானூற்றின் 206ஆம் பாட்டைச் சொல்லிக் கேட்டதில்லை. அதே ஔவையார், அதே அதியமான். பரிசில் தராமல் இழுத்தடித்தபோது பாடியது என்று பாட்டின் கீழேயே குறிப்பு இருக்கிறது. தலைநாள் போல விரும்பியவன் ஒருநாள் வாசலில் காக்க வைத்துவிட்டான்!

ஔவை அப்போது என்ன செய்கிறாள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். "வாயிலோயே வாயிலோயே" என்று காவல்காரனைத்தான் கூப்பிடுகிறாள். ஆனால் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரிசிலர்க்கு அடையா வாயிலோயே" என்கிறாள், பாடி வருகிறவர்களுக்குக் கதவை அடைக்காதவனே என்று. அவன் எப்போதும்போல நல்லவனாகத்தான் இருக்கிறான். கோபமெல்லாம் உள்ளே இருப்பவன் மேல். "நெடுமான் அஞ்சி தன் அறியலன்கொல், என் அறியலன்கொல்?" அவனுக்குத் தன்னைத் தெரியாதா, என்னைத் தெரியாதா? யாழை எடுத்தேன், மூட்டையைக் கட்டினேன், "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்று முடித்துவிட்டுக் கிளம்புகிறாள்.

வாசலில் நிற்பவனிடம் கணக்குக் கேட்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அது தெரிவதில்லை. சாப்பாடு தாமதமானால் சப்ளையரை முறைக்கிறோம். சாம்பாரில் உப்பில்லை என்றால் சப்ளையரிடம் கத்துகிறோம். பரிமாறுகிறவள் சிரிக்கவில்லை என்றால் அந்தக் கடையே, அந்த நாடே நம்மை வெறுக்கிறது என்று முடிவு கட்டுகிறோம். 101ஆம் பாட்டில் தலைநாள் விருப்போடு இருப்பவன் யார்? களஞ்சியம் வைத்திருப்பவன். மலையும் நாடும் யானையும் அவனுடையவை. அவன் விரும்பலாம், தினமும் விரும்பலாம், அது அவன் கடமையும்கூட. மாதச் சம்பளத்துக்குத் தட்டுத் தூக்குகிறவளிடம் போய் அதியமானின் குணத்தைக் கேட்பது எந்த ஊர் நியாயம்? இரண்டாயிரம் வருஷமாகப் பரிசிலர் பாடுகிறார்கள், அரசர்கள் கொடுக்கிறார்கள். அந்த வாயிலோன் அன்றைக்கு என்ன பதில் சொன்னான் என்று எழுதி வைக்க ஒரு ஆள் இல்லை.

இதைப் பேசினால் என் நண்பர்கள் "மறுபடி வாயிலோன் புராணமா" என்று எழுந்துபோய்விடுகிறார்கள். நீங்கள் தூரத்தில் இருப்பதால் கேட்டுத்தான் ஆகவேண்டும். நூறாவது நாளும் முதல்நாள் மாதிரியே சிரிக்கிற சப்ளையர்கள் இப்போது இருக்கிறார்கள். பெரிய கம்பெனிக் கடைகளில் பயிற்சி கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். நூறாவது நாளும் "வெல்கம் சார், முதல்தடவை வர்றீங்களா?" என்பார்கள். உங்களுக்குத் தலைநாள்தான் வேண்டுமென்றால் அங்கே போகலாம்.

நிறம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை ஒதுக்கித் தள்ளமாட்டேன். ஜப்பானில் அது இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஒட்டாரு என்ற ஊரில் ஒரு வெந்நீர்க் குளியல் விடுதி வெளிநாட்டுக்காரர்களை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லி, 2002இல் சப்போரோ நீதிமன்றம் அவர்களை இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வழக்குப் போட்ட மூன்று பேரும் வெள்ளைக்காரர்கள், அதில் ஒருவர் ஜப்பானியக் குடியுரிமையே வாங்கியவர். அதனால் உங்கள் அமெரிக்கர் அப்படியொன்றும் சொர்க்கத்தில் பிறந்தவர் இல்லை. கேட்காமலே உங்களுக்குப் பிடித்ததைச் செய்து வைக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாட்டுக்கறி ஒருநாளாவது தட்டில் வந்ததா? வந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள்.

ஒதுக்குவது என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு ஜப்பான் போய்த் தெரியவேண்டியதில்லை. நம் மாவட்டத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது, நாம் பார்த்து வளர்ந்தது. 2024இல்கூட, கூலி வேலைக்குப் போன பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்ததற்காக நம் தருமபுரி மாவட்டத்தில் இரண்டு பெண்களைக் கைது செய்தார்கள். அங்கே பழகப் பழக எதுவும் மாறாது. அப்பா போனபோது என்னவோ அதுதான் மகன் போகும்போதும். நீங்களும் நானும் எந்தக் குவளையில் டீ குடித்தோம் என்று யோசித்துவிட்டு, அப்புறம் உங்கள் மூலை இருக்கையைப் பற்றிப் பேசலாம்.

கடிதத்தில் என்னை உண்மையில் எரிச்சலூட்டியது பைபாஸ் பத்திதான். நகோயாவில் உங்களைப் பார்த்து "நேபாளமா?" என்று கேட்டால் வலிக்கிறது. கிருஷ்ணகிரியில் ஒரு பையன் தட்டு வைத்தால் அவன் "ஹிந்திக்காரன்". அவன் ஒடிசாவிலிருந்து வந்திருப்பான், அசாமிலிருந்து வந்திருப்பான், ஏன், நிஜமாகவே நேபாளத்திலிருந்தே வந்திருப்பான். கேட்டீர்களா? அவன் சாம்பார் ருசியையே இங்கே வந்துதான் பார்க்கிறான், "அண்ணா, தொட்டுக்க என்ன?" என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். நீங்கள் வீடு விட்டுப் போனமாதிரிதான் அவனும் வந்திருக்கிறான், சம்பளம் மட்டும் உங்களுடையது போல இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஆம்னி பஸ் நின்று இறங்குகிற கூட்டத்துக்குத் தோசை தூக்குகிறவன் உங்களைப் பார்த்து எதற்குச் சிரிக்கவேண்டும்? நீங்கள் அவனைப் பார்த்துச் சிரித்தீர்களா? பைபாஸில் யாரும் இரண்டாம் தடவை வருவதில்லை என்று அவனுக்குத் தெரியும். உங்கள் நகோயா அம்மாளுக்கு நீங்கள் மறுநாளும் வருவீர்கள் என்று தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான். இதில் அதியமானை இழுக்காதீர்கள்.

திட்டிவிட்டேன். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ராத்திரி தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு யாராவது முகத்தைப் பார்த்துச் சிரித்தால் தேவலை என்று இருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதை அந்தப் பரிமாறுகிற பெண்கள் தலையில் கட்டாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. ராத்திரி வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே ஐந்தரை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும்.

மாம்பழம் எடுத்துப் போகாதீர்கள். பழ ஈக்குப் பயந்து ஜப்பான் வெகுகாலம் நம் மாம்பழத்தை உள்ளேயே விடவில்லை. 2006இல்தான் அனுமதித்தார்கள், அதுவும் சில ரகங்களை மட்டும், நீராவிச் சூட்டில் பதப்படுத்திச் சான்றிதழோடு அனுப்பினால். நீங்கள் பெட்டியில் பெங்களூரா மாம்பழத்தை ஒளித்துவைத்துக்கொண்டு போனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். வறுத்த நிலக்கடலையில் செய்த கடலைமிட்டாய் வாங்கிப் போங்கள். அந்தக் கிழவருக்கும் அம்மாளுக்கும் பல் எப்படி என்று மட்டும் அதற்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.